முதல் டம்ளர்

அம்மாவுக்கு 70 வயது முடிந்ததற்கு ஒரு பார்ட்டி வைத்தோம். 2023ஆம் ஆண்டு, அழகர் ஆற்றில் இறங்கிய அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எதுக்குடி இதெல்லாம்? உங்கப்பா இருந்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கும்" என்றாள்.

ஊர் வழக்கப்படி பார்த்தால் அவள் சொன்னது சரிதான். 60க்கு சஷ்டியப்தபூர்த்தி, 70க்கு பீமரத சாந்தி, 80க்கு சதாபிஷேகம் என்று வரிசையாக விழாக்கள் வைத்திருக்கிறார்கள். மூன்றும் கணவனின் வயதை வைத்துத்தான். மனைவி பக்கத்தில் மாலையோடு உட்காரலாம். அவளுக்கு 60 ஆனது எந்தத் தேதியில் என்று யாரும் கேட்பதில்லை. கணவன் முன்பே போய்விட்டால் அந்த மாலையும் கிடையாது. அப்பா 1998இல் இறந்தார். அப்போது அம்மாவுக்கு 45. அதற்குப் பின் அவளுக்கு 50 ஆனது, 60 ஆனது. இரண்டும் சத்தமில்லாமல் போயின. 60 ஆன அன்று அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள் என்று பிறகு கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தோம்.

அதனால்தான் 'பிறந்தநாள் விழா' என்று சொல்லாமல் 'பார்ட்டி' என்று சொன்னேன். விழா என்றால் உடனே அதற்கு ஒரு முறை, ஒரு நேரம், யார் முதலில், யார் கூடாது என்று வந்துவிடும். பார்ட்டிக்குச் சாஸ்திரம் கிடையாது. அப்படித்தான் நினைத்தேன்.

பார்ட்டி என்றால் குடிக்க என்ன என்ற கேள்வி வந்தது. பெரிய பாட்டில்களில் கலர் வாங்கிவிடலாம் என்றான் தம்பி. என் மகளுக்கு 17 வயது. அவள் மொபைலில் ஒரு படம் காட்டினாள். நீல நிறத்தில், மேலே புதினா மிதக்கும் மாக்டெயில். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சொட்டு நீலத்தைக் கரைச்ச மாதிரில்ல இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதையோ சொல்வதுபோல, "பானக்கம் கரைச்சா ஆகாதா?" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

செல்லூரில் எங்கள் தெருவில் சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அழகரைப் பார்க்க வைகைக்குப் போகும் கூட்டமும் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டமும் அந்த வழியாக நடக்கும். நீர்மோர் ஒரு அண்டா, பானக்கம் ஒரு அண்டா. பானக்கம் எங்கள் வீட்டுப் பொறுப்பு. 100 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ வெல்லம், 3 கிலோ புளி. முந்தின நாள் இரவு எங்கள் முற்றத்தில் அம்மா, சித்தி, அத்தை, எதிர்வீட்டு அக்காமார் என்று ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி வெல்லம் தட்டுவாள், ஒருத்தி சுக்கு இடிப்பாள். புளியைக் கரைத்துக் கரைத்து எல்லோருக்கும் நகக்கண் எரியும். அந்த இரவுகளில் அவர்கள் பேசிய பேச்சைப்போலச் சிரிப்பான பேச்சை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

விடிவதற்கு முன் ஆண்கள் வந்து அண்டாவைத் தூக்கிப் போவார்கள். அதற்குப் பிறகு அது அவர்களுடைய பானக்கம். பந்தலில் கட்டிய துணியில் 'உபயம்' என்று போட்டு அப்பா பெயர் இருக்கும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாங்கம்மா, குடிங்கய்யா, இன்னொரு டம்ளர் குடிங்க" என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பார். அவர் அவ்வளவு கனிவாகப் பேசி நான் அந்த ஒரு நாளில்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில் தாகம் எடுத்தால் செம்பு அவர் கைக்கு வர வேண்டும். தம்பியை எட்டு வயதிலேயே பந்தலில் நிறுத்தினார்கள். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்ற அவனுக்கு அங்கேதான் பழக்கம் வந்தது.

அண்டா எங்கள் வாசலைத் தாண்டும்முன் ஒரே ஒரு காரியம் அம்மாவுடையது. முதல் டம்ளரை மொண்டு சாமி படத்துக்கு முன்னால் அவள்தான் வைப்பாள். இரவெல்லாம் கரைத்த களைப்பு அந்த ஒரு நிமிடம் அவள் முகத்தில் இருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் தெருவைக் கூட்ட வரும் அம்மா பந்தலுக்கு வர மாட்டார். எங்கள் பின்வாசலுக்குத் தன் சொந்தச் சொம்போடு வருவார். அம்மா பாத்திரத்தை உயரத் தூக்கி, இந்தச் சொம்பு அந்தச் சொம்பில் படாமல் ஊற்றுவாள். நீளமாக விழும் அந்தப் பழுப்புத் தாரையை நான் ஒரு வித்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன்.

1991இல் எனக்கு 13 வயது. அந்த வருடம்தான் வயதுக்கு வந்திருந்தேன். பானக்கம் கரைக்கும் இரவில் எனக்குத் தூரம். "அண்டாப் பக்கம் வந்துராத, புளிச்சுப்போகும்" என்றாள் அத்தை. புளி போட்ட பானக்கம் இனி எப்படிப் புளிக்கும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நடுராத்திரி எல்லோரும் அசந்த நேரத்தில் எழுந்து போய், சுட்டுவிரலை அண்டாவுக்குள் விட்டு நக்கிப் பார்த்தேன். நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள். அவள் திட்டவில்லை. நீளக் கரண்டியை எடுத்து அடிவரைக்கும் ஒருமுறை கலக்கிவிட்டு, "போய்ப் படு" என்றாள். மறுநாள் அத்தனை கூட்டமும் அதைக் குடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீட்டைப் பற்றி நான் பின்னால் படித்ததெல்லாம் அந்த ஒரு கலக்கலுக்கு யாரோ எழுதிய உரை என்றே எனக்குத் தோன்றும்.

அப்பா இறந்த அடுத்த சித்திரையிலும் எங்கள் முற்றத்தில்தான் பானக்கம் கரைத்தார்கள். அம்மா இரவு முழுக்க உட்கார்ந்து புளி கரைத்தாள். விடிகாலையில் வழக்கம்போலச் சொம்பை எடுத்தாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீங்க வேணாம் மதினி. சின்னவ மொள்ளட்டும்."

அத்தை அதைக் கோபமாகச் சொல்லவில்லை. யாருக்கும் கேட்காதபடி, ஒரு உதவி செய்வதுபோல மெல்லச் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, அம்மாவால் பதில் பேசவும் முடியவில்லை. அதே கை இரவெல்லாம் அதே அண்டாவுக்குள் இருந்தது. புளி கரைக்க ஆகிற கை, மொள்ள மட்டும் ஆகாத கையாகிவிட்டது. சொம்பைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மறுவருடம் முட்டி வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த வருடம் அண்டா வேறு வீட்டுக்குப் போனது.

நான் தமிழ் இலக்கியம் நடத்துகிறவள். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் எதையெல்லாம் இழந்தேன் என்று கண்ணகி அவனிடம் சொல்கிறாள். அறவோர்க்குக் கொடுப்பதை இழந்தாள், விருந்தினரை எதிர்கொள்வதை இழந்தாள். வீடு இருந்தது, அடுப்பு இருந்தது, அரிசியும் இருந்திருக்கும். கணவன் இல்லாததால் விருந்து தரும் தகுதி மட்டும் அவளிடம் இல்லை. மாணவிகள் பக்க ஓரத்தில் 'இல்லறக் கடமை' என்று குறித்துக்கொள்வார்கள். எனக்கோ அத்தை பிடித்த மணிக்கட்டு நினைவுக்கு வரும்.

ஒளவையும் இதே இலக்கியத்தில்தான் இருக்கிறாள். அதியமான் இறந்தபின் அவள் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235ஆவது. கள் கொஞ்சமாக இருந்தால் அவளுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் அவள் பாடக் கேட்டபடி தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று நினைத்து அழுகிறாள். இதை நடத்தினால் "ஒளவையார் கள் குடிச்சாங்களா மேடம்?" என்று வகுப்பு கலகலக்கும். அவர்கள் கண்ணில் கள்தான் படுகிறது. ரொம்ப நாள் என் கண்ணிலும் அதுதான் பட்டது.

எங்கள் வீட்டில் 'பார்ட்டி' என்ற சொல் அதற்கு முன்பும் புழங்கியிருக்கிறது. தம்பி புது வீடு கட்டியபோது மொட்டைமாடியில் ஆண்களுக்குப் பார்ட்டி நடந்தது. கீழே நாங்கள் மீன் வறுத்தோம், ஆம்லெட் போட்டோம், தட்டுத் தட்டாக மேலே கொடுத்தனுப்பினோம். இரவு 11 மணிக்கு மேல் கிளாஸ்களைக் கழுவினோம். மேலே அவர்கள் என்ன குடித்தார்கள் என்பதில் எனக்குப் பெரிய விசாரமில்லை. அவர்கள் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் நாலு மணி நேரம் நின்றிருந்தோம். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இனி செய்முறை. எங்கள் வீட்டுக்கு வந்து குடித்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

10 பேருக்கு 2 லிட்டர் போதும். 400 கிராம் வெல்லம், 60 கிராம் புளி. வெல்லம் கருத்துப் பழுப்பாக இருக்கட்டும். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால், நிறம் எடுக்க ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. புளியை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் கரைத்துச் சக்கையைப் பிழிந்து எறியுங்கள். வெல்லத்தைத் தட்டி இன்னொரு அரை லிட்டரில் போடுங்கள். அடுப்பு வேண்டாம், தானே கரையும். அதில் மண்ணும் தூசும் இருக்கும், மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரண்டையும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி சுக்குத்தூள், தட்டிய ஏலக்காய் ஆறு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு பத்து, இரண்டு சிட்டிகை உப்பு. பச்சைக் கற்பூரம் சேர்ப்பதானால் பாதிக் கடுகளவு போதும். சமையலுக்கென்று விற்பதைத்தான் போட வேண்டும். சாமிக்கு ஏற்றும் சூடம் வேறு, அது வயிற்றுக்குப் போகக் கூடாது. பாத்திரம் மண்பானை அல்லது எவர்சில்வர். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். சில வீடுகளில் புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிவார்கள். எங்கள் வீட்டில் புளிதான்.

இது ஒரு லிட்டர் கெட்டிச் சாறு. குடிக்கும்போது பாதி டம்ளர் சாறு, பாதி டம்ளர் குளிர்ந்த தண்ணீர். பார்ட்டி என்பதால் தண்ணீருக்குப் பதில் சோடா ஊற்றலாம் என்று மகள் சொன்னாள். மேலே இரண்டு புதினா இலை. அவளுடைய நீல மாக்டெயிலில் எங்களுக்கு மிஞ்சியது அந்தப் புதினா. சோடா என்றதும் அம்மா முகம் சுளித்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏப்பம் நல்லா வருது" என்று ஒப்புக்கொண்டாள்.

மண்பானையில் வைத்தால் ஐஸ் தேவையில்லை. பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்து கிடக்கும் மதுரைக் கோடையில் இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அவ்வளவு குளிராது. ஒன்றை மறக்க வேண்டாம், வெல்லமும் சர்க்கரைதான். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவளுக்கு அரை டம்ளர் என்று முன்பே பேசி வைத்தோம்.

நாற்பது பேருக்கு வேண்டிய சாற்றை அம்மாவும் நானும் காலையிலேயே கரைத்துவிட்டோம். மனதுக்குள் நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அத்தையை நேரில் போய் அழைத்திருந்தேன், உள்நோக்கத்தோடுதான். அத்தை பார்க்க, எல்லோரும் பார்க்க, அம்மா முதல் டம்ளரை மொள்ள வேண்டும். 24 வருடத்துக்கு முன் பிடுங்கிக்கொண்டதை அவள் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் எல்லோரும் வந்துவிட்டார்கள். என் கல்லூரித் தோழிகள், தெருக்காரர்கள், சித்தி, தம்பி குடும்பம். அம்மா கடுகு நிறச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். பூ வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தவில்லை. பானையை நடுக்கூடத்தில் வைத்து, சொம்பை அவள் கையில் கொடுத்தேன். "நீதாம்மா மொதல்ல மொள்ளணும்" என்றேன்.

பேச்சு அடங்கியது. அத்தை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொம்பைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். சொம்பைப் பானை மூடிமேல் வைத்துவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தைக்குப் பயந்துவிட்டாள் என்று எனக்குச் சுருக்கென்றது.

"ஏண்டி, எனக்குப் பார்ட்டின்னு சொல்லிட்டு என்னையவே ஊத்தச் சொல்ற? அம்பது வருசமா ஊத்திட்டேன். இன்னைக்காவது யாராச்சும் எனக்கு ஊத்திக் குடுங்க."

ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் சித்திதான் முதலில் சிரித்தாள். கூடம் முழுக்கச் சிரித்தது. தம்பி எழுந்து வந்தான். பந்தலில் அத்தனை பேருக்கு ஊற்றியவன், வீட்டில் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்து நான் பார்த்ததில்லை. பாதி சாறு ஊற்றினான், சோடாவை உடைத்து ஊற்றினான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தான். அம்மா குடித்துவிட்டு, "வெல்லம் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

"கரைச்சதே நீதானம்மா" என்றேன்.

"அதான் சொல்றேன். கரைக்கறப்ப தெரியல, உக்காந்து குடிச்சாத்தான் தெரியுது."

இரண்டாவது டம்ளர் அத்தைக்கு. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அத்தைக்கு மிளகு ஆகாதுப்பா, கலக்காம மேலாப்புல எடுத்து ஊத்து" என்றாள். அத்தை வாங்கிக் குடித்தாள். மன்னிப்பு, கண்ணீர் என்று எதுவும் நடக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் மாமா இறந்திருந்தார். அதன்பிறகு அத்தையின் மணிக்கட்டை யார் யார் பிடித்தார்களோ, அதை அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

என் திட்டம் நடக்கவில்லை என்பதைவிட, அது எவ்வளவு குறைப்பட்ட திட்டம் என்பதுதான் அன்று எனக்குப் பட்டது. கொடுக்கும் உரிமையைப் பறித்தார்களே என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தேன். அதை மீட்டுத் தருகிறேன் என்று அவளை மறுபடியும் பானைக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள், வீட்டுக்குப் புதிதாக வந்தவர் என்றும் பொருள். வீட்டுப் பெண் எந்த நாளும் புதியவள் இல்லை, அதனால் அவளுக்கு யாரும் விருந்து வைப்பதில்லை. ஒளவையின் பாட்டில் நான் கவனிக்காமல் விட்டதும் அதுதான். அவள் குடித்ததைவிட, ஒருவன் இருப்பது கொஞ்சம் என்று தெரிந்தும் அதை அவளுக்குக் கொடுத்தான். அவள் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாட்டை இத்தனை வருடம் நடத்தியும் எனக்கு இது எட்டவில்லை. புறநானூறு படிக்காத அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டாள்.

இரவு எல்லோரும் போனபின் தம்பி டம்ளர்களைக் கழுவினான், நான் துடைத்து அடுக்கினேன். அம்மா அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து கை வைக்கவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"தெருக் கூட்டுவாளே, பின்வாசலுக்குச் சொம்பு கொண்டாருவா. அவ ஒருநாளும் நம்ம டம்ளர்ல குடிச்சதில்லைல?"

"இல்லம்மா."

"நான்தான ஊத்துனேன்."

"ஆமாம்மா."

தம்பி குழாயை மூடினான். அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப எங்க இருக்கான்னு கேளுங்க. இருந்தா கூட்டிட்டு வாங்க. உக்கார வச்சுக் குடுப்போம்" என்றாள்.

கேட்கலாம் என்றுதான் தம்பியும் நானும் திரும்பினோம். யாரிடம், என்ன பெயர் சொல்லிக் கேட்பது? அத்தனை வருடம் எங்கள் பின்வாசலுக்கு வந்தவரின் பெயர் எங்கள் மூன்று பேருக்குமே தெரியவில்லை.